இடது தோளில் தட்டினால் இடது

ஆகஸ்ட் 18, திங்கள்

தினமும் எழுத வேண்டுமாம். எழுதினால் ஞாபகம் கூடுமாம். இதைச் சொன்னது ஆஸ்பத்திரியில் முதியவர்களுக்கு மூளைப் பயிற்சி வகுப்பு நடத்தும் நஸ்ரின் என்ற பெண். என் மகளை விடச் சின்னவள். மதுரைப் போக்குவரத்துப் போலீசில் காலம் தள்ளி, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்ற எனக்கு நாட்குறிப்பு எழுதக் கற்றுத் தருகிறாள். இருக்கட்டும்.

பெயர் அழகுமலை. வயது எழுபத்திரண்டு. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, பல்லில் மூன்று இல்லை. மற்றபடி எல்லாம் இருக்கிறது.

வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் என் மகள் மங்கையர்க்கரசி. போன மாதம் எதிர்வீட்டு கேட்டில் என் ஸ்கூட்டர் லேசாக உரசிவிட்டது. கேட்டைத் தெருப்பக்கம் திறந்து வைத்தது அவர்கள் தப்பு. அதற்கு இவள் நீதிபதி மாதிரி என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, நானும் கொஞ்ச நாளாப் பாக்குறேன். அடுப்ப அணைக்க மறக்குறீங்க, சொன்னதையே திரும்பச் சொல்றீங்க. வண்டி ஓட்டுனது போதும். சாவியக் குடுங்க."

யாரிடம் சாவி கேட்கிறாள்! இந்த ஊரில் எத்தனை வண்டிச் சாவியை உருவியவன் நான். தப்புப் பண்ணினவன் எம்.எல்.ஏ.வின் மச்சானாக இருந்தாலும் சாவி முதலில் என் கைக்கு வரும், பேச்சு அப்புறம்தான். டிராபிக் போலீசுக்கு அதுதான் பாலபாடம். சாவி போய்விட்டால் எப்பேர்ப்பட்டவனுக்கும் குரல் இறங்கிவிடும்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. தீபாவளி கழித்து வகுப்பு முடியும்போது ஒரு பரீட்சை வைப்பார்கள். தேறினால் சாவி என்னிடம். தேறாவிட்டால் அரசியிடம். சரி என்று சொல்லிவிட்டேன். நான் தேறாமல் வேறு யார் தேறுவது?

என் மனைவி சௌந்தரம் இதில் எந்தப் பக்கமும் பேசவில்லை. "மொதல்ல ரெண்டு பேரும் சாப்புடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

முதல் வகுப்பு. எல்லாம் கிழடுகள், என்னைத் தவிர. பக்கத்து நாற்காலியில் ஞானப்பிரகாசம், மின்வாரியத்தில் கணக்குப் பார்த்தவர். சிறப்பு எஸ்.ஐ. என்று சொல்லியும் என்னை "ஏட்டையா" என்றே கூப்பிடுகிறார். வேண்டுமென்றே செய்கிறாரா, மறதியா என்று தெரியவில்லை. மறதி என்றால் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்.

ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். திரையின் நடுவில் காரோ லாரியோ கண் சிமிட்டும் நேரம் வந்து மறையும். அதே நொடியில் ஓரத்தில் எங்காவது ஒரு சாலைக் குறியும் வந்து மறையும். வந்தது காரா லாரியா, குறி எந்த மூலையில் என்று விரலால் தொட வேண்டும். சரியாகத் தொடத் தொட வேகம் கூடும். மற்றவர்கள் "ஐயோ, போச்சே, போச்சே" என்று அரற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நடுவில் வருகிற லாரியையும் ஓரத்தில் நழுவுகிற சைக்கிளையும் ஒரே பார்வையில் பிடிப்பதற்குத்தானே அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது?

முதல் நாளே முதல் இடம். ஞானப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி என்ன பண்ணும் பாவம்.

திரும்பும்போது சௌந்தரம் ஸ்கூட்டரில் பின்னால் இருந்து வழக்கம்போல என் தோளில் தட்டிக்கொண்டு வந்தாள். ஹெல்மெட் போட்டால் எனக்குச் சரியாகக் காது கேட்காது. வருடக்கணக்காக ஹாரன் சத்தத்தில் நின்ற காது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. இடது தோளில் தட்டினால் இடது. வலது தோளில் தட்டினால் வலது. முதுகில் உள்ளங்கையை வைத்தால் மெதுவாகப் போக வேண்டும். முன்னெல்லாம் கடைக்கு நிறுத்தச் சொல்லத்தான் தட்டுவாள். இப்போது ஒவ்வொரு திருப்பத்துக்கும் தட்டுகிறாள். வயதானால் பெண்களுக்குப் பயம் கூடிவிடும்.

வில்லாபுரத்தில் வீட்டு வாசலில் இறங்கியதும், "சரியாத்தானங்க தட்டுனேன்?" என்றாள்.

"நீ தட்டாட்டியும் எனக்கு வழி தெரியும்" என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ரேஷனில் துவரம்பருப்பு வாங்கினேன். மின்விசிறி துடைத்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று வேறொரு பயிற்சி. நஸ்ரின் வார்த்தைகளை வாசிப்பாள். கிணறு, குடை, சித்தப்பா, சீப்பு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வார்த்தைகள். கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொல்வாள். எனக்குக் கிணறும் குடையும் வந்தன. மற்றவை வரவில்லை. சித்தப்பாவைக் கிணற்றடியில் விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

இதெல்லாம் ஒரு பயிற்சியா? கடைச் சாமானை மனதில் வைப்பது எங்கள் வீட்டில் சௌந்தரத்தின் இலாகா. அவரவர் வேலையில் அவரவரைச் சோதிக்க வேண்டும். நஸ்ரினிடம் சொன்னேன். சிரித்தாள். நல்ல பெண்தான். ஆனால் சிரித்துக்கொண்டே எதையோ எழுதிக்கொள்கிறாள்.

ஞானப்பிரகாசம் சித்தப்பாவையும் சொல்லி, சீப்பையும் சொல்லி, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

செப்டம்பர் 8, திங்கள்

கார் லாரி விளையாட்டில் மறுபடி முதல் இடம். இப்போது படம் வந்து போவது மின்னல் மாதிரி இருக்கிறது. பிடித்துவிடுகிறேன். நஸ்ரின் என் டேப்லெட்டை மற்றவர்களுக்குக் காட்டினாள். ஏறிக்கொண்டே போகிற கோடு. அழகர்மலைப் படிக்கட்டு தோற்றுப்போகும்.

வெளியே வந்ததும் சௌந்தரத்தையும் உட்கார வைத்துப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். நாம் ஜெயித்தால் வீட்டுக்காரிக்கும் பங்கு உண்டு.

"கோடு ஏறுறது சரிங்க. காலையில பால் பாக்கெட்ட பீரோக்குள்ள வச்சிருந்தீங்களே" என்றாள்.

"அது வேற, இது வேற."

"அதத்தான் நானும் சொல்றேன். ஏட்டுச் சுரக்கா கறிக்கு ஒதவாதுன்னு."

பருத்திப்பாலைக் குடித்துக்கொண்டே இப்படிப் பேச அவளால்தான் முடியும்.

செப்டம்பர் 12, வெள்ளி

சௌந்தரத்துக்கு முழங்கையில் சிராய்ப்பு. கோயில் படியில் சறுக்கிவிட்டதாம். கொஞ்ச நாளாக விடிந்ததும் விடியாததுமாகக் கோயிலுக்குப் போகிறாள். அரசியும் வந்து கூட்டிக்கொண்டு போகிறாள். பேங்கில் வேலை பார்க்கிற பெண், கோயில் வாசலில் செருப்பு விடுகிற நேரத்தில் நாலு கணக்கு முடிக்கலாம் என்று பேசுகிறவள். அவளுக்கே திடீரென்று பக்தி வந்திருக்கிறது. என் பரீட்சைக்காக வேண்டுதலாக இருக்கும். வெளியே சொல்ல மாட்டார்கள்.

சௌந்தரத்துக்கு வலது மணிக்கட்டும் வலிக்கிறதாம். தைலம் தேய்த்துவிட்டேன். மிக்ஸி இருக்க அம்மியில் அரைத்தால் இப்படித்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று நஸ்ரினிடம் நேராகவே கேட்டேன். "ஏம்மா, இவ்வளவு வெரசாப் பிடிக்கிறேன்ல. அப்ப என் மூளை தேறிருச்சுன்னுதானே அர்த்தம்?"

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அய்யா, இந்த விளையாட்டுல நீங்க வேகமாயிட்டீங்க. அது நிஜம். ஆனா இதுல வேகமானா வீட்டுலயும் ஞாபகம் கூடிரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். சில பேருக்கு வெளியிலயும் ஒதவுது. சில பேருக்கு விளையாட்டோட நின்னுருது. ஒங்களுக்கு எப்படின்னு டேப்லெட்டப் பாத்தாத் தெரியாது. அம்மாவக் கேட்டாத்தான் தெரியும்."

"அம்மாட்ட கேட்டீங்களா?"

"மாசாமாசம் கேக்குறேன்."

"என்ன சொல்றா?"

"அத அவங்கதான் சொல்லணும்."

சாட்சியைக் காப்பாற்றுகிற நல்ல புலன்விசாரணை அதிகாரி மாதிரிப் பேசுகிறாள். வழியில் சௌந்தரத்திடம் கேட்டேன். பதிலுக்கு இடது தோளில் தட்டினாள். இடது பக்கம் திரும்பினேன்.

செப்டம்பர் 24, புதன்

சௌந்தரத்துக்குக் காய்ச்சல். நாட்டு மருந்துக் கடையில் நிலவேம்புப் பொடி வாங்கி வரக் கிளம்பினேன். "அரசி சாயங்காலம் வாங்கிட்டு வருவா, நீங்க போகாதீங்க" என்று படுக்கையில் இருந்தபடியே சொன்னாள். காய்ச்சலில் கிடப்பவள் பேச்சைக் கேட்டால் மருந்து எப்படி வரும்? தனியாகத்தான் போனேன்.

விளக்குத்தூண் வரை சிரமம் இல்லை. அங்கே போனதும்தான் ஞாபகம் வந்தது, இன்று தேர். தேர் நாளில் மாசி வீதிகளுக்குள் வண்டி விடக்கூடாது. சட்டத்தைக் காத்தவனே சட்டத்தை மீறுவதா? அதனால் வெளி வீதி வழியாகச் சுற்றினேன். எந்தப் பக்கம் போனாலும் ஒரு வெளி வீதி வந்துகொண்டே இருந்தது. வெயில் வேறு. தேர் நாளில் மூலைக்கு மூலை நீர்மோர்ப் பந்தல் இருக்குமே, ஒன்றையும் காணோம். மதுரையில் தர்மம் குறைந்துவிட்டது.

பெட்ரோல் தீர்ந்து நின்ற இடத்தில் ஒரு டீக்கடைக்காரர் போனில் அரசியைக் கூப்பிட்டார். அவள் வந்து கூட்டிக்கொண்டு வந்தாள். பொடி வாங்க முடியவில்லை. தேர் நாளில் கடை திறந்திருக்காது.

செப்டம்பர் 25, வியாழன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். தேர் சித்திரையில். இது புரட்டாசி. வெயில் சித்திரை மாதிரி அடித்தால் யாருக்கும் குழப்பம் வரும்.

அரசி சாவியைக் கேட்டாள். ஒப்பந்தம் பரீட்சை வரைக்கும் என்று சொன்னேன். கத்தினாள். நானும் கத்தினேன். சௌந்தரம் காய்ச்சலோடு எழுந்து வந்து, "பரீட்சை வரைக்கும் அவுக தனியாப் போக மாட்டாக. நான் கூடப் போவேன். அது என் பொறுப்பு" என்றாள். அரசி அடங்கிவிட்டாள். என் மாமனார் வீட்டில் எல்லாருக்கும் அந்தக் குரல் உண்டு.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஸ்கூட்டரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டேன். சௌந்தரம் பிரேக் பிடி, விளக்கு, ஆக்சிலேட்டர் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தாள். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தாள். எத்தனையோ வருடம் பின் சீட்டில் உட்கார்ந்தவள், இந்த வருடம்தான் முன்பக்கம் இவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறாள் போலிருக்கிறது.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினேன். முதல் ஏற்றத்திலேயே நசுங்கியது. நல்ல சகுனம்.

அக்டோபர் 9, வியாழன்

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

வகுப்பு முடிந்து வரும் வழியில் ஒரு பெரிய நாற்சந்தி. சௌந்தரம் முதுகில் கை வைத்து நிறுத்தச் சொன்னாள். "பூ வாங்கிட்டு வந்துர்றேன். இங்கனயே நில்லுங்க" என்று இறங்கிப் போனாள். நின்றேன். அப்போது மின்சாரம் போய் சிக்னல் அணைந்தது.

நாலு பக்கமும் வண்டிகள் உள்ளே பாய்ந்தன. ஒரு பள்ளிக்கூட வேன் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் அலறுகிறது. ஒருத்தரும் நகரவில்லை. இதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகுமா? ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு நடுச்சந்திக்குப் போய்க் கையைத் தூக்கினேன்.

விசில் இல்லை. வாயிலேயே விசில் அடித்தேன். அடடா, அந்தக் கை எங்கேயும் போகவில்லை! கிழக்கை நிறுத்தினேன், மேற்கைத் திருப்பினேன், வேனைப் பின்னால் எடுக்க வைத்தேன். ஆம்புலன்ஸ் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போனது. ஒரு லாரிக்காரன் முறைத்தான். எட்டிச் சாவியைத் தொட்டேன், பேசாமல் அடங்கினான். சைக்கிள், ஆட்டோ, டவுன் பஸ், எல்லாம் என் விரல் நுனியில். அந்த டேப்லெட்டில் வருகிற கார் எல்லாம் பொம்மை. இதுதான் நிஜம். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

ஒரு சின்ன வயதுக் கான்ஸ்டபிள் ஓடி வந்து சல்யூட் அடித்தார். "அய்யா டிபார்ட்மெண்டா? நீங்க இல்லேன்னா நாறிப் போயிருக்கும்யா" என்றார். பஸ் டிரைவர் ஒருத்தர் தலையை நீட்டி, "வாங்கய்யா, எங்க எறங்கணும்?" என்று வண்டியை நிறுத்தினார். "வில்லாபுரம்" என்று ஏறிக்கொண்டேன். டூட்டி முடிந்தால் பஸ்ஸில் வீட்டுக்குப் போவதுதானே வழக்கம்? வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. கோபம் வந்தது. மனுஷன் இவ்வளவு வேலை பார்த்துவிட்டு வருகிறான், இவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போனாள்? வாசலில் உட்கார்ந்திருந்தேன். இருட்டுகிற நேரத்தில் ஆட்டோவில் அரசியும் அவளும் வந்து இறங்கினார்கள். சௌந்தரத்தின் கையில் பூப்பொட்டலம் இருந்தது. பிரிக்கவில்லை. வாடியிருந்தது.

அந்தப் பொட்டலத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

என் போன் வண்டிப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. வண்டி அங்கேயே நின்றிருக்கிறது, சாவியோடு. ஆள் இல்லாத வண்டியைப் பார்த்து அவள் கடை கடையாக விசாரித்து, ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஆம்புலன்ஸ் வந்ததே, அதில் யார் என்று கேட்டு அழுதிருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணுமில்லங்க. ஒங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னுதான் பதறிட்டேன்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "நான் அங்கன நிக்கிறேன்னு ஒரு தடவ கூடவா தோணல?" என்று கேட்டாள்.

தோணவில்லை. அதுதான் உண்மை. இதற்கு மேல் எழுதவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

நடந்தே போய்ப் பூ வாங்கி வந்து கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள். "மல்லிக ஏது, வெல கூடவா?" என்று கேட்டாள். கேட்டதே போதும்.

அக்டோபர் 13, திங்கள்

வண்டியை அரசி கொண்டு வந்து விட்டிருக்கிறாள். அவள் சாவியை எடுத்துப் போகத்தான் பார்த்தாள். சௌந்தரம் விடவில்லை. "பரீட்சை வரைக்கும்னு அவுகளுக்கு வாக்குக் குடுத்திருக்கோம். அதுவரைக்கும் சாவி என் இடுப்புல இருக்கும்" என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். வகுப்புக்குக் கிளம்பும்போது தருகிறாள். வந்ததும் வாங்கிக்கொள்கிறாள்.

பரீட்சையில் தேறிக் காட்டுகிறேன். வீட்டிலும் வார்த்தைப் பயிற்சி செய்கிறேன். சௌந்தரம் காய்கறி நறுக்கிக்கொண்டே பத்து வார்த்தை சொல்வாள், நான் திரும்பச் சொல்ல வேண்டும். அவள் எனக்காகச் சுலபமாகச் சொல்கிறாள். கத்தரிக்காய், முருங்கைக்காய், வெண்டைக்காய். கண் முன்னாலேயே கிடக்கிறது. பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. புது வேட்டி. அரசி மைசூர்பாகு செய்தாள். போன மூன்று பல்லுக்கும் துணையாக நாலாவதும் போய்விட்டது.

அக்டோபர் 30, வியாழன்

ஞானப்பிரகாசம் இன்று வகுப்பில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "ஏட்டையா, வார்த்தை எல்லாத்தையும் சொல்லிர்றேன். ஆனா நேத்து எம் பேரன் பேரு வரல. அவனும் நிக்கிறான், நானும் நிக்கிறேன்."

"பேரா முக்கியம்? அவன் ஒங்க பேரன்னு தெரிஞ்சுச்சுல்ல" என்றேன்.

"அது தெரிஞ்சுச்சு."

"அப்புறம் என்ன ஓய். அழகான பயலே, இங்க வாடான்னு கூப்புடுங்க. எல்லாப் பேரனுக்கும் அது பொருந்தும்."

சிரித்துவிட்டார். என்னைவிட நாலு வயது சின்னவர். ஏட்டையா என்றே கூப்பிடட்டும், போகட்டும்.

நவம்பர் 6, வியாழன்

பரீட்சை. அரசி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

கார் லாரி விளையாட்டில் வகுப்பிலேயே முதல். நஸ்ரின் கை கொடுத்தாள். அடுத்தது வார்த்தைகள், ஒரு சின்னக் கதையைக் கேட்டுத் திரும்பச் சொல்வது, கடிகாரம் வரைவது, ஊர்ப் படத்தில் வழி காட்டுவது. இதெல்லாம் ஆன பிறகு எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டாள். இரண்டு கோடுகளைக் காட்டினாள். ஒன்று ஏறியிருந்தது. இன்னொன்று படுத்தே கிடந்தது.

"ஏறுனது ஒங்க கண்ணோட வேகம். அது ஒங்க சொத்து, அய்யா. மத்தது ஏறல. கொஞ்சம் எறங்கியும் இருக்கு. பெரிய டாக்டரப் பாக்க எழுதித் தர்றேன். செய்ய வேண்டியது நெறைய இருக்கு. தைரியமா இருங்க."

"அப்ப இத்தன நாள் வந்தது வீணாம்மா?"

"வீண்னு யாரு சொன்னா? வீட்ட விட்டு வெளிய வந்தீங்க, நாலு பேரோட பேசுனீங்க, ஞானப்பிரகாசம் சாரச் சிரிக்க வச்சீங்க. அதெல்லாம் நல்லதுதான். ஆனா வண்டி ஓட்ட வேகம் மட்டும் பத்தாது இல்லையா?"

அரசிக்குக் கண் கலங்கியிருந்தது. சாவியைக் கேட்கத் துடித்தவள், கேட்க வேண்டிய நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே வந்தேன். வண்டி மரத்தடியில் நின்றது. சௌந்தரம் காலையில் கொடுத்த சாவி அதிலேயே தொங்கியது. எடுக்க மறந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். போகிற வழி தெரியாதவன், கூட வந்தவளை மறந்துவிட்டுப் போகிறவன், இப்படி ஒருத்தன் என் டூட்டி பாயிண்ட்டில் வந்து நின்றால் நான் என்ன செய்திருப்பேன்? எம்.எல்.ஏ.வின் மச்சானுக்கே சலுகை காட்டாதவன், அழகுமலைக்கு மட்டும் காட்டலாமா?

சாவியை உருவினேன்.

அதைச் சௌந்தரத்தின் உள்ளங்கையில் வைத்து மூடினேன். "எஸ்.ஐ. பறிமுதல் பண்ணிட்டாரு. இனிமே கேட்டாலும் குடுக்காத" என்றேன். அரசி என் தோளில் சாய்ந்து தேம்பினாள். "நான் தோத்ததுக்கு நீ ஏன்டி அழற?" என்று தட்டிக்கொடுத்தேன்.

"ஆட்டோ கூப்புடுறேன்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆட்டோ எதுக்கு?" என்றாள் சௌந்தரம்.

பையைத் திறந்தாள். சிவப்பு எழுத்தில் எல் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, வண்டியின் முன்னால் ஒட்டி, நாலு மூலையும் தேய்த்துவிட்டாள். பின்னாலும் ஒன்று ஒட்டினாள். அப்புறம் மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினாள். பழகுநர் உரிமம். போட்டோவில் அவள்தான். அறுபத்தேழு வயதில்!

அடி ஆத்தி! விடியக்காலைக் கோயில், முழங்கைச் சிராய்ப்பு, மணிக்கட்டு வலி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஊரில் உள்ள அத்தனை பேரையும் பிடித்தவன், வீட்டுக்குள்ளேயே கோட்டைவிட்டிருக்கிறேன்.

"யாரக் கேட்டுடி பண்ணுன?"

"யாரக் கேக்கணும்? வாக்குக் குடுத்திருந்ததால பரீட்சை முடியிற வரைக்கும் சொல்லல. நீங்க தேறியிருந்தா இத அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டுப் பின்னாடி உக்காந்திருப்பேன்."

"விழுந்து கைகால ஒடச்சிருந்தா?"

"மூணு தடவ விழுந்தேன். ஒடையல."

அரசி சிரிக்கிறாள், அழுகிறாள். எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது என்னமோ பெருமைதான். சட்டம் என்ன சொல்கிறது என்று உடனே அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். எல் போர்டு வண்டியில் பின்னால் உட்காருகிறவர் உரிமம் உள்ள பயிற்சியாளராக இருக்க வேண்டும். என் உரிமம் இன்னும் செல்லும். ஆகவே நான் இன்று பயணி இல்லை, பயிற்சியாளர்.

"சரிங்கய்யா, ஏறுங்க" என்றாள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளப்பினாள். கொஞ்சம் ஆடியது. பிறகு நேராகிவிட்டது. அரசி தன் வண்டியில் பின்னாலேயே வந்தாள். பின் சீட்டில் இருந்து பார்த்தால் ஊர் வேறு மாதிரி இருக்கிறது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, முன்னால் இருப்பவளைத் தவிர.

"நீங்க தட்டிக்கிட்டே வாங்க. அப்பத்தான் எனக்குத் தைரியமா இருக்கும்" என்று திரும்பாமல் கத்தினாள்.

தட்டினேன். பஸ் ஒதுங்கியபோது முதுகில் உள்ளங்கையை வைத்தேன், வேகத்தைக் குறைத்தாள். ஓரத்தில் நாய் ஓடி வந்ததை அவளுக்கு முன்னால் நான்தான் பார்த்தேன். கண் கண்தான். தெற்குவாசல் பாலம் இறங்கி, கடைசித் திருப்பம் வந்தது. வலது தோளில் தட்டினேன். அவள் இடது பக்கம் திரும்பினாள். எங்கள் தெரு வந்தது, எதிர்வீட்டு கேட் வந்தது, வீடு வந்தது.

இறங்கி நின்று, "சரியாத்தான தட்டுனேன்?" என்று கேட்டேன்.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "நீங்க தட்டுனா தப்பா இருக்குமா?" என்றாள்.

இத்தனை நாளும் இதே கேள்வியை அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள். ஒரு நாளும் நான் இப்படிப் பதில் சொன்னதில்லை. இத்தனை நாளும் நீ தட்டினதால்தான் வீடு வந்து சேர்ந்தேன் என்று நாளைக்கு அவளிடம் சொல்ல வேண்டும். மறந்துவிடக் கூடாது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் இருந்து சௌந்தரத்திடம் என்னமோ சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. என்னவென்று வரவில்லை. நோட்டைப் புரட்டினேன், இருந்தது. அடுப்படிக்குப் போய் அப்படியே சொன்னேன்.

"இதச் சொல்லவா வந்தீங்க?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்படியில் புழுக்கம் ஜாஸ்தி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மின்விசிறி மாட்ட வேண்டும்.